பதினாறு வயதுக்கு எத்தனை மார்க்?

2022 அக்டோபர் 30. நவி மும்பை டி.ஒய்.பாட்டீல் ஸ்டேடியத்தில் பதினேழு வயதுக்கு உட்பட்டோர் மகளிர் உலகக் கோப்பையின் இறுதியாட்டம். ஸ்பெயினும் கொலம்பியாவும் எண்பது நிமிடம் தாண்டியும் கோல் விழாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. 82ஆவது நிமிடத்தில் ஸ்பெயினின் தாக்குதலில் கோல் முகத்துக்கு வந்த பந்து, கொலம்பியாவின் தடுப்பாட்ட வீராங்கனை ஆனா மரியா குஸ்மான் மீது பட்டு, அவருடைய சொந்த வலைக்குள்ளேயே போய் விழுந்தது. அன்றைய ஒரே கோல் அந்த சேம்சைடு கோல்தான். ஸ்பெயின் கோப்பையைத் தூக்கியது. குஸ்மானுக்கு அப்போது பதினேழு வயது.

ஒன்பது மாதம் கழித்து, 2023 ஆகஸ்ட் 8 அன்று, மெல்போர்னில் சீனியர் உலகக் கோப்பையின் நாக் அவுட் ஆட்டம். கொலம்பியாவை எதிர்த்து நின்ற ஜமைக்கா அதுவரை அந்தத் தொடரில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. பிரான்சையும் பிரேசிலையும் பூஜ்யத்தில் நிறுத்திய அணி. 51ஆவது நிமிடத்தில் கொலம்பியாவின் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, மைதானத்தின் அந்தப் பக்கத்துக்கு நீளமாக ஒரு பந்தைத் தூக்கி அனுப்பினார். கத்தலினா உஸ்மே அதை அடக்கி, அடுத்த உதையில் கோலாக்கினார். அந்த ஒரு கோலில் கொலம்பிய மகளிர் அணி தன் வரலாற்றிலேயே முதல்முறையாக உலகக் கோப்பைக் காலிறுதிக்குள் நுழைந்தது. பந்தை அனுப்பியவர் ஆனா மரியா குஸ்மான். அதே ஆண்டில் ஜெர்மனியின் பயர்ன் மூனிச் கிளப் அவரை எடுத்துக்கொண்டது.

அவமானத்திலிருந்து மீண்டு சாதித்த கதையாக இதைப் படிக்க எனக்கு விருப்பமில்லை. குஸ்மான் ஒன்பது மாதத்தில் வேறு ஆட்டக்காரராக மாறிவிடவில்லை. அந்த இளையோர் தொடரின் காலிறுதியில் தான்சானியாவிடமும், அரையிறுதியில் நைஜீரியாவிடமும் கோல் வாங்காமல் இறுதிக்கு வந்த தடுப்பு வரிசையைச் சேர்ந்தவர் அவர். நவி மும்பையிலும் அந்தக் கால்கள் இருந்தன, அந்தப் பார்வையும் இருந்தது. கேலரியில் இருந்தவர்கள் எதைப் பார்த்தார்கள், எதற்கு மார்க் போட்டார்கள் என்பதில்தான் என் கேள்வி.

இளையோர் மகளிர் கால்பந்தில் இந்தக் கேள்விக்கு ஒரு தனி எடை உண்டு. சீனியர் ஆண்கள் ஆட்டம் முடிந்தால் மறுநாள் காலைக்குள் நூறு பேர் எழுதிவிடுவார்கள். இத்தாலியப் பத்திரிகைகள் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் பத்துக்கு இத்தனை என்று போடும். ஜெர்மனியின் கிக்கர் இதழ் ஒன்றிலிருந்து ஆறு வரை போடும், அதில் ஒன்றுதான் உச்சம். பிரான்சின் லெகிப் பத்திரிகை மார்க் போடுவதில் கஞ்சத்தனத்துக்குப் பெயர்போனது. பதினேழு வயதுப் பெண்கள் ஆடும் ஆட்டத்துக்கு இப்படி ஒரு படை வருவதில்லை. அங்கே பத்திரிகையாளர் இடத்திலும் நிபுணர் இடத்திலும் பெரும்பாலும் ரசிகரே உட்கார்ந்திருக்கிறார். தொண்ணூறு நிமிடமும் கண் எடுக்காமல் பார்த்துவிட்டு, "ஏழாம் நம்பர் சூப்பர், மூணாம் நம்பரை மாத்தியிருக்கணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிறவர் அவர்தான். பல வீராங்கனைகளைப் பற்றி அந்த வயதில் பதிவாகும் ஒரே தீர்ப்பும் அதுவாகவே இருக்கும். ஆகவே அவரை மார்க் போடாதே என்று தடுப்பது என் நோக்கமில்லை. நன்றாகப் போடு என்றுதான் கேட்கிறேன். ஏனென்றால், "பாவம், சின்னப் பொண்ணுங்க, விடுங்க" என்று இரக்கப்படுகிறவரும், "இதுக்கெல்லாம் எதுக்கு உலகக் கோப்பை" என்று ஏசுகிறவரும் செய்வது ஒரே காரியம். இருவருமே அந்தப் பெண்ணின் ஆட்டத்தைப் பார்க்கவில்லை.

புவனேஸ்வரில் ஏழு நாட்கள்

அந்தப் பதினேழு வயதுப் பிரிவு உலகக் கோப்பையை நடத்தியது இந்தியா. நடத்தும் நாடு என்பதால் தகுதிச் சுற்று இல்லாமலே இடம் கிடைத்தது. அக்டோபர் 11 அன்று புவனேஸ்வரின் கலிங்கா ஸ்டேடியத்தில் அமெரிக்காவிடம் 0-8. 14ஆம் தேதி மொராக்கோவிடம் 0-3. 17ஆம் தேதி பிரேசிலிடம் 0-5. மூன்று ஆட்டம், வாங்கியது 16 கோல், போட்டது பூஜ்யம். நம் ஊரில் பெரும்பாலானோர் அந்த அணியைப் பற்றித் தெரிந்துகொண்டது அவ்வளவுதான்.

இந்த மூன்று ஆட்டங்களையும் தனித்தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். முதல் ஆட்டத்தில் இடைவேளைக்குள் ஐந்து கோல். அமெரிக்கப் பெண்களின் வேகத்துக்கு நம் பெண்களால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பது உண்மை. அதை மறைத்து எழுதினால் அது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. மூன்றே நாள் இடைவெளியில் அதே பெண்கள் மொராக்கோவுக்கு எதிராக இறங்கினார்கள். இடைவேளையில் 0-0. எட்டு கோல் வாங்கிய ஒரு தடுப்பு வரிசை, ஊரே பார்த்துக்கொண்டிருக்கும் மைதானத்துக்குத் திரும்பி வந்து, இடைவெளிகளை அடைத்து, ஒருவருக்கொருவர் குரல் கொடுத்து நாற்பத்தைந்து நிமிடம் வலையைக் காத்தது. எனக்கு அந்தத் தொடரில் இந்தியாவின் மிகச் சிறந்த ஆட்டம் அந்த முதல் பாதிதான். இரண்டாம் பாதி தொடங்கியதுமே ஒரு பெனால்டி, அதோடு கட்டு அவிழ்ந்தது. பிரேசிலுக்கு எதிராக இடைவேளையில் 0-2. ஐந்தில் இரண்டு கோல் ஆட்டம் முடியப்போகும் கடைசி நிமிடங்களில் விழுந்தவை. ஏழு நாளில் மூன்றாவது முறையாக முழு ஆட்டம் ஆடும் கால்கள் அந்த நிமிடத்தில் என்ன நிலையில் இருக்கும் என்பதை ஆடியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எட்டு கோல் போட்ட அமெரிக்கா என்ன ஆனது? காலிறுதியில் நைஜீரியாவிடம் பெனால்டியில் தோற்று ஊர் திரும்பியது. முதல் ஆட்டத்தில் ஜப்பானிடம் 0-4 என்று விழுந்த தான்சானியா என்ன ஆனது? அதற்கும் அது முதல் உலகக் கோப்பை. அடுத்த ஆட்டத்திலேயே பிரான்சை 2-1 என்று வென்று, காலிறுதி வரை போனது. குழுச் சுற்றில் மூன்று ஆட்டத்தில் பத்து கோல் போட்டு ஒன்றுகூட வாங்காத ஜப்பான் காலிறுதியிலேயே வெளியேறியது. குழுச் சுற்றில் மெக்சிகோவிடம் தோற்ற ஸ்பெயின் கோப்பையை எடுத்தது. பதினாறு, பதினேழு வயதில் ஒரு அணியின் ஆட்டம் வாரத்துக்கு வாரம் இப்படித்தான் புரளும். முதல் ஆட்டத்தின் ஸ்கோரை வைத்து முடிவு கட்டியவர்கள் தான்சானியா விஷயத்திலும் ஜப்பான் விஷயத்திலும் ஒருசேர ஏமாந்தார்கள்.

இந்தியாவின் 0-8க்குப் பின்னால் உள்ள கணக்கு அந்த ஏழு நாளுக்குள் அடங்காது. இந்தத் தொடர் முதலில் 2020இல் நடக்க வேண்டியது. கொரோனாவால் 2021க்குத் தள்ளிப்போய், பிறகு அதுவும் ரத்தாகி, 2022க்கு வந்தது. 2020ஐக் குறிவைத்துத் தயாரான பெண்கள் வயது தாண்டிவிட்டதால் வீட்டுக்குப் போனார்கள். புதிதாக ஒரு அணியைக் கட்ட வேண்டியிருந்தது. 2011 உலகக் கோப்பையில் ஸ்வீடனை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்த தாமஸ் டென்னர்பிதான் பயிற்சியாளர். திறமையில் குறையில்லாத மனிதர். ஆனால் 2022 ஏப்ரல் முதல் ஜாம்ஷெட்பூர் முகாமில் கிடைத்த மாதங்களில் அவரால் பத்து வருட வேலையைச் செய்துவிட முடியாது. ஜூனில் இத்தாலிக்குப் போன அணி அங்கே 0-7 என்று தோற்றது. அந்த ஐரோப்பியப் பயணத்தின்போதே உதவிப் பயிற்சியாளர் ஒருவர் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டதற்காகப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அந்த வயதுப் பெண்கள், வீட்டை விட்டுப் பல ஆயிரம் மைல் தள்ளி, இதையும் மனதில் சுமந்துகொண்டுதான் பயிற்சிக்குப் போனார்கள். ஆகஸ்டில் ஃபிஃபா, வெளியார் தலையீடு என்று சொல்லி இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பையே இடைநீக்கம் செய்தது. உலகக் கோப்பையே கையை விட்டுப் போய்விடும் நிலை. 26ஆம் தேதி தடை நீங்கியபோது முதல் ஆட்டத்துக்கு ஏழு வாரம்கூட இல்லை. இவ்வளவு குழப்பத்தையும் செய்தவர்கள் பெரியவர்கள். அதற்கான மார்க்கை ஏன் மூன்றாம் நம்பர் சட்டை போட்ட பெண்ணின் பெயருக்கு எதிரே எழுத வேண்டும்?

அணித் தலைவி அஸ்தம் ஓராவ்ன் ஜார்க்கண்டின் கும்லா மாவட்டக்காரர். 21 பேர் கொண்ட அணியில் அவரையும் சேர்த்து ஆறு பேர் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். அவரைக் கௌரவிப்பதற்காக மாவட்ட நிர்வாகம் அவர் வீட்டுக்குச் சாலை போட்டது. அந்தச் சாலை வேலையில் தினக்கூலிக்குக் கல் மண் சுமந்தவர்களில் அவருடைய பெற்றோரும் இருந்தார்கள். செய்தித்தாள்கள் இதை நெகிழ்ச்சிச் செய்தியாகப் போட்டுவிட்டு நகர்ந்தன. எனக்கு அதில் கோபம்தான் வந்தது, இப்போதும் இருக்கிறது. தேசிய அணியின் தலைவியாக ஒரு பெண் நாட்டுக்காகக் களமிறங்கும் நாளிலும் அந்த வீட்டு அடுப்பு அன்றைய கூலியை நம்பித்தான் எரிந்தது.

மொராக்கோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பதினேழு வயது மகளிர் உலகக் கோப்பை மொராக்கோவுக்கும் அதுதான் முதல்முறை. ஆனால் அந்த நாடு 2020இலேயே பெண்களுக்கு இரண்டு அடுக்குத் தொழில்முறை லீக் தொடங்கி, கிளப்புகளுக்குப் பணம் கொடுத்து, சாலேயில் உள்ள பெரிய பயிற்சி வளாகத்தைப் பெண்கள் அணிகளுக்கும் திறந்துவிட்டது. 2022இல் அதன் சீனியர் மகளிர் அணி ஆப்பிரிக்கக் கோப்பை இறுதிக்கு வந்தது. அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில் நாக் அவுட் சுற்றைத் தொட்டது. கலிங்கா ஸ்டேடியத்தின் இரண்டாம் பாதியில் நம் பெண்கள் எதிர்கொண்டது எதிரே நின்ற பதினொரு பேரை மட்டுமல்ல, அந்த ஏற்பாடு முழுவதையும்.

பந்து வருவதற்கு முந்தைய நொடி

அப்படியானால் ரசிகர் எதைப் பார்ப்பது? கோல் போட்டவர் யார் என்பது ஸ்கோர் பலகையிலேயே இருக்கிறது. கைபேசிச் செயலிகள் பாஸ், டேக்கிள், ஷாட் என்று எண்ணி 7.2, 6.4 என்று தசமத்தில் மார்க் கொடுத்துவிடுகின்றன. எண்ண முடியாத சங்கதிகளைப் பார்க்கத்தான் மனிதக் கண் வேண்டும். இளையோர் ஆட்டத்தில் முக்கியமான சங்கதிகளில் பாதி எண்ண முடியாதவை.

நடுக்களத்தில் ஆடும் பெண்ணைக் கவனியுங்கள். பந்து அவரிடம் வருவதற்கு முந்தைய நொடியில் தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறாரா? பார்ப்பவர் பந்து வந்ததும் திரும்ப வேண்டிய பக்கம் தானாகத் திரும்புவார். பார்க்காதவர், எவ்வளவு வேகக்காரராக இருந்தாலும், பந்தை வந்த வழியே திருப்பி அனுப்புவார் அல்லது பறிகொடுப்பார். இந்தப் பழக்கத்தைப் பதினாறு வயதில் வைத்திருக்கும் பெண்ணை நான் அன்று மோசமாக ஆடியிருந்தாலும் குறித்துவைத்துக்கொள்வேன். அடுத்தது, பந்தை இழந்த பின் வரும் மூன்று நொடி. கையை விரித்து நிற்கிறாரா, துரத்துகிறாரா? மூன்றாவது, பலவீனமான கால். வலது காலுக்கு மாற்றிக்கொள்ள ஒரு அடி கூடுதலாக எடுப்பவருக்கு இந்த வயதில் அது தப்பாமல் பலிக்கும். மூன்று வருடம் கழித்து சீனியர் ஆட்டத்தில் அந்த ஒரு அடியில் பந்து போய்விடும்.

கோல்கீப்பர்கள் விஷயத்தில் ரசிகர்கள் செய்வது அநியாயம் என்றே சொல்வேன். பெண்கள் கால்பந்தில் அதிகம் கேலிக்கு ஆளாகிறவர்கள் அவர்கள்தான். தலைக்கு மேல் போய் விழும் கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிச் சிரிக்கிறார்கள். கோல் கம்பத்தின் அளவு ஆண்களுக்கும் பெண்களுக்கும், சீனியருக்கும் பதினாறு வயதுக்கும் ஒன்றேதான். 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். பந்தும் அதே ஐந்தாம் எண் பந்து. ஐந்தரை அடி உயரமுள்ள ஒரு பெண் அதன் நடுவில் நிற்கிறார். அவருக்கென்று தனிப் பயிற்சியாளர் கிடைப்பதே பல நாடுகளில் தேசிய முகாமுக்கு வந்த பிறகுதான். அவரை மதிப்பிட வேண்டுமானால் கோல் விழுந்த கணத்தை விட்டுவிட்டு, ஷாட் வருவதற்கு முன் எங்கே நின்றார், தடுப்பாட்டக்காரர்களிடம் என்ன சொன்னார், கோல் வாங்கிய பின் அடுத்த பந்துக்கு வெளியே வரத் தயங்கினாரா என்று பாருங்கள். அந்த உலகக் கோப்பையில் நைஜீரியாவின் ஃபெய்த் ஒமிலானா பெனால்டிகளில் நின்ற விதத்தைப் பார்த்தவர்கள் அந்த இடத்தின் மதிப்பை உணர்ந்திருப்பார்கள். நைஜீரியா மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜெர்மனியோடு 3-3 என்று சமன் செய்து, பெனால்டியில் வென்றது. இந்த வயதுப் பிரிவில் அந்த நாட்டுப் பெண்களுக்குக் கிடைத்த முதல் பதக்கம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சங்கோஜப்படாமல். இந்த வயதுப் பெண் மாதவிடாய் வலியோடு ஆடும் நாள் உண்டு. வெள்ளை அரைக்கால் சட்டை போட்டு ஆடும்போது மனதின் ஒரு மூலை அதிலேயே இருக்கும். இதற்காகவே 2023 உலகக் கோப்பைக்கு முன் இங்கிலாந்து மகளிர் அணி வெள்ளையை விட்டு நீலத்துக்கு மாறியது. முழங்காலில் ஏ.சி.எல். தசைநார் கிழியும் அபாயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு என்று ஆய்வுகள் சொல்கின்றன. வளர்ந்துகொண்டிருக்கும் உடலோடு, சரியான உடற்பயிற்சி ஆலோசனை இல்லாத ஊரிலிருந்து வந்த பெண் ஒரு டேக்கிளிலிருந்து காலை இழுத்துக்கொண்டால், கேலரியில் இருப்பவர் கண்ணுக்கு அது பயமாகத் தெரியும். எப்போதும் பயமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

தங்கப் பந்து யாருக்கு?

தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தை ஃபிஃபாவின் தொழில்நுட்பக் குழு தேர்ந்தெடுக்கிறது. இந்தியாவில் அது ஸ்பெயினின் விக்கி லோப்பஸுக்குப் போனது. அவருக்கு வயது பதினாறு. ஜப்பானுக்கு எதிரான காலிறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிய ஐந்து நிமிடமே இருந்தபோது ஸ்பெயின் 0-1 என்று பின்தங்கியிருந்தது. அந்த நிமிடத்தில் மார்க் போட்டிருந்தால் லோப்பஸுக்கு ஐந்துக்கு மேல் யாரும் போட்டிருக்க மாட்டார்கள். அடுத்த சில நிமிடங்களில் அவரே இரண்டு கோல் போட்டார், ஸ்பெயின் அரையிறுதிக்குப் போனது. ஐந்து ஒன்பதாகிவிட்டது. அந்த எண்பத்தைந்து நிமிடத்திலும் அவர் எங்கே நின்று பந்து கேட்டார், எத்தனை முறை மறுக்கப்பட்டும் மறுபடி அதே இடத்துக்கு வந்தார் என்று பார்த்தவருக்குக் கடைசி நிமிடங்கள் ஆச்சரியமாக இருந்திருக்காது. 2025இல் பலோன் தோர் விழாவில், இருபத்தொரு வயதுக்கு உட்பட்ட சிறந்த வீராங்கனைக்கான கோப்பா விருது முதல்முறையாகப் பெண்களுக்கு வழங்கப்பட்டபோது, அதை வாங்கியவர் லோப்பஸ்.

அதே மேடையில் அன்று மூன்றாவது ஆண்டாகப் பலோன் தோர் வாங்கியவர் ஐத்தானா பொன்மத்தி. இவருடைய இளமைக் காலம் வேறு மாதிரி. 2014இல் பதினேழு வயதுப் பிரிவு இறுதியில் ஜப்பானிடம் தோல்வி. 2018இல் பிரான்சில் நடந்த இருபது வயதுப் பிரிவு உலகக் கோப்பையில் அரையிறுதியில் சிவப்பு அட்டை, அதனால் இறுதியாட்டத்தில் இறங்கவே முடியவில்லை. ஸ்பெயின் மறுபடி ஜப்பானிடம் தோற்றது. அந்தத் தொடரின் தங்கப் பந்து அவருடைய தோழி பத்ரி கிஹாரோவுக்குப் போனது. பிற்காலத்தில் உலகின் முதல் இடத்துக்கு வரப்போகிறவர் அந்த இறுதியில் கேலரியில் இருந்தார்.

இளையோர் விருதுகள் பொய் சொல்கின்றன என்று இதற்குப் பொருளில்லை. 2002இல் கனடாவில் நடந்த முதல் பத்தொன்பது வயதுப் பிரிவு உலகப் போட்டியில் தங்கப் பந்து வாங்கியவர் கிறிஸ்டின் சின்க்ளேர். எட்மன்டனில் நடந்த இறுதியாட்டத்தில் கனடா தோற்றது. ஆனால் அந்த மைதானத்தில் கூடிய 47,784 பேர் தாங்கள் யாரைப் பார்க்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டுதான் பார்த்தார்கள். அவர் பிறகு நாட்டுக்காக 190 கோல் போட்டார், சர்வதேசக் கால்பந்தில் ஆண், பெண் யாரும் அதுவரை எட்டாத கணக்கு அது. 2004இல் மார்த்தா. 2010இல் அலெக்சாண்ட்ரா பாப், பத்து கோல். 2014இல் நைஜீரியாவின் அசிசாத் ஓஷோவாலா. இவர்களைக் கண்டுகொண்ட கண்கள் தவறவில்லை. ஆனால் 2006இல் தங்கப் பந்தும் தங்கக் காலணியும் சேர்த்து வாங்கிய சீனாவின் மா சியாவ்சூ பிறகு அந்த உயரத்தைத் தொடவே இல்லை. வட கொரியப் பெண்கள் 2024இல் பதினேழு, இருபது இரண்டு பிரிவுகளிலும் உலகக் கோப்பையை வென்றார்கள், 2025இல் பதினேழு வயதுப் பிரிவை மீண்டும் வென்றார்கள். அந்த நாட்டின் சீனியர் அணியோ 2011க்குப் பிறகு 2015, 2019, 2023 மூன்று உலகக் கோப்பைகளிலும் இல்லை. முதலில் ஊக்கமருந்துத் தண்டனை, பிறகு தகுதி பெறவில்லை, அதற்கும் பிறகு விலகல். பதினாறு வயதில் உலகத்தையே ஜெயிக்கும் ஒரு நாட்டுப் பெண்கள் சீனியர் வயதில் உலகத்தின் கண்ணிலேயே படவில்லை.

லிண்டா கைசெடோவை இங்கே விட முடியாது. 2022 என்ற ஒரே ஆண்டில் அவர் கொலம்பியாவுக்காக ஜூலையில் கோபா அமெரிக்காவின் சீனியர் இறுதியில் ஆடினார், ஆகஸ்டில் கோஸ்டா ரிக்காவில் இருபது வயதுப் பிரிவு உலகக் கோப்பை, அக்டோபரில் இந்தியாவில் பதினேழு வயதுப் பிரிவு. பதினைந்து வயதில் சினைப்பைப் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுத்து மீண்டு வந்தவர். நவி மும்பை இறுதியில் அவர் கால்களில் வழக்கமான மின்னல் இல்லை என்று சலித்துக்கொண்டவர்கள், நான்கு மாதத்தில் மூன்று உலகத் தரப் போட்டி ஆடிய கால்கள் அவை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அடுத்த பிப்ரவரியில் ரியல் மாட்ரிட், அதே ஆண்டு சிட்னியில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டு பேரை ஏய்த்துவிட்டு மேல் மூலையில் போட்ட கோல். அந்த கோலைக் கொண்டாடிய இந்திய ரசிகர்களில் எத்தனை பேர் ஒன்பது மாதம் முன்பு அவரை நம் மண்ணிலேயே பார்க்கும் வாய்ப்பைத் தவறவிட்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

தமிழ்நாட்டு ரசிகருக்கு இதெல்லாம் தூரத்து விஷயம் இல்லை. தேசிய சீனியர் மகளிர் சாம்பியன்ஷிப்பை 2018இல் மணிப்பூரையும், 2023இல் ஹரியானாவையும் இறுதியில் வென்று எடுத்த மாநிலம் இது. மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. கடலூர் இந்துமதி கதிரேசன் காவல்துறை உத்தியோகமும் பார்த்துக்கொண்டு இந்தியாவுக்காக நடுக்களத்தில் ஆடியவர். இவ்வளவு இருந்தும், நம் ஊர்ப் பெண்கள் பதினாறு வயதில் எப்படி ஆடினார்கள் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. அந்த ஆட்டங்களுக்குப் போய் உட்கார்ந்தவர்கள் அவ்வளவு குறைவு.

2025 ஆகஸ்ட் 10 அன்று யாங்கூனில் இந்தியாவின் இருபது வயதுக்கு உட்பட்ட மகளிர் அணி, சொந்த ஊர்க் கூட்டத்தின் முன் ஆடிய மியான்மரை 1-0 என்று வென்று, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. 27ஆவது நிமிடத்தில் பூஜா கோல் போட்டார். புவனேஸ்வரின் அந்த 21 பேரில் இருந்த ஷுபாங்கி சிங், நேஹா, கோல்கீப்பர் மோனாலிஷா தேவி ஆகியோர் இந்த அணியிலும் இருந்தார்கள். மறுநாள் செய்தியில் கோல் போட்டவரின் பெயர் வந்தது, வர வேண்டியதுதான். நான் மார்க் போடுவதாக இருந்தால் மோனாலிஷாவிலிருந்து தொடங்குவேன். ஒரே ஒரு கோல் முன்னிலையை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வலையைக் காக்க வேண்டியிருந்தது. கார்னர்கள், நீள உதைகள், கோல் முகத்தில் நெரிசல் என்று எதிரணி மறுபடி மறுபடி வரும் அந்த நேரத்தில், எப்போது வெளியே வருவது, எப்போது கோட்டிலேயே நிற்பது என்று ஒவ்வொரு பந்துக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் ஆட்டம் சமநிலை. தொண்ணூறு நிமிடம் முடிந்தபோது மியான்மரின் கணக்கில் பூஜ்யம் இருந்தது. பத்துக்கு ஒன்பது போடுகிறேன். மீதி ஒரு மார்க் ஆசியக் கோப்பைக்கு.